அல்ட்ராகிரெபிடேரியன் ஷூ கடை

அந்தத் தெருவில் அவருடைய உண்மையான பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி, இன்னொருவர் தபால்காரர். மற்ற எல்லோருக்கும் அவர் ‘அபிப்பிராயம்’. “அபிப்பிராயம் கடையில ஹீல் மாத்தக் குடுத்திருக்கேன்” என்பார்கள். “அபிப்பிராயம் இன்னைக்கு லீவா, தெருவே நிம்மதியா இருக்கு” என்பார்கள். அவர் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது “என் அபிப்பிராயம் என்னன்னா” என்பதுதான். அதற்குப் பிறகு வருவதை நிறுத்த யாராலும் முடியாது. பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி ஓடியவர்கள் பலர். அதில் ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய ஷூ ரிப்பேர் கடை. ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். ஒரு தையல் மிஷின், ஒரு சாணைச் சக்கரம், பசை டப்பாக்கள், ஷூவுக்குள் நுழைக்கும் மரக்கால்கள் வரிசையாக, வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்தவர் கதி அதோகதி.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. கடை வைப்பதற்கு முன் பதினோரு வருடம் ஒரு ஷூ தொழிற்சாலையில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தார். காது கிழியும் மிஷின் சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம் ‘பசை’ என்று கேட்கக்கூட கையைத்தான் ஆட்ட வேண்டும். பதினோரு வருடத்துப் பேச்சு அப்படியே உள்ளே தேங்கிவிட்டது. சொந்தக் கடை போட்ட அன்று மடை திறந்தது, இன்னும் மூடவில்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. சோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாலே போதும், ஆள் எப்படி நடக்கிறார், எந்தத் தோளில் பை மாட்டுகிறார், மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார் எல்லாம் சொல்லிவிடுவார். சரியாக இருக்கும். அதோடு விட்டிருந்தால் மனிதரைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கலாம். விடமாட்டார். கண்ணாடிக் கடைக்காரரிடம் எந்த மூக்குக்கு எந்த பிரேம் என்று வகுப்பெடுப்பார். பஸ் டிரைவரிடம் புது வழித்தடம் போட்டுக் கொடுப்பார். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, நாய்க்கு மனசு சரியில்லை என்பார். ஜெராக்ஸ்காரம்மாவிடம் மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அடித்துச் சொல்லி, அதை ஜன்னலோரமாகத் தள்ள வைத்தார். ஒரே மாதத்தில் அடுக்கி வைத்த பேப்பர் எல்லாம் வெயிலில் பழுத்துவிட்டது.

“அண்ணே, உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்றார் அந்த அம்மா.

“என் அபிப்பிராயம் என்னன்னா, அது பேப்பரோட தப்பு” என்றார் இவர்.

இவ்வளவையும் உட்கார்ந்து கேட்கிற ஒரே ஜீவன் பேராசிரியர். கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்பில் யாரும் தன்னோடு எதிர்வாதம் செய்யவில்லையே என்ற குறை அவருக்கு. அபிப்பிராயத்திடம் அந்தக் குறை தீர்ந்தது. வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு சாக்கில் வந்து முக்காலியில் உட்காருவார். நிலவில் தண்ணீர் இருக்கிறதா என்பதில் இருவரும் மூன்று வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் பேராசிரியர் தன் மனைவியின் கறுப்பு கட் ஷூவைக் கொண்டுவந்தார். இடது ஷூவின் நுனி தேய்ந்திருந்தது.

அபிப்பிராயம் அதைத் திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். வலது ஷூவை எடுத்து ஒப்பிட்டார். அவர் முகம் மாறியது.

“சார், அம்மா இடது காலைத் தூக்காம இழுத்து நடக்கறாங்க.”

“அப்படியெல்லாம் இல்லையே. நல்லாத்தானே நடக்கறா.”

“இல்ல சார். ஹீல் புதுசு மாதிரி இருக்கு, நுனி மட்டும் தேஞ்சிருக்கு. கால் தூக்கலைன்னா இப்படித்தான் ஆகும்.”

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். பேராசிரியரும் யோசிக்க ஆரம்பித்திருந்தார். ஆனால் அபிப்பிராயம் என்ற பெயர் சும்மாவா வந்தது?

“என் அபிப்பிராயம் என்னன்னா, இது கால்சியம் குறைச்சல். காலைல ரெண்டு வாழைப்பழம், சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம் குடுங்க. தலைமாட்டை ஜன்னல் பக்கம் மாத்துங்க. ரத்தம் கீழ இறங்கும். அப்புறம் நீங்க அவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசறதைக் குறைங்க. நரம்புக்கு டென்ஷன்.”

பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. காலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்ததையும் மறந்துவிட்டார். வாழைப்பழத்தில் கால்சியமா! எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“அல்ட்ராகிரெபிடேரியன்!”

திட்டினால் எதிரே இருப்பவர் சுருங்க வேண்டும். அபிப்பிராயமோ மலர்ந்தார்.

“என்ன சார் சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க.”

அவர் மனதில் ஓடிய கணக்கு இது. அல்ட்ரா என்றால் அவருக்குத் தெரியும், சோப்புத்தூள் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், சாதாரணத்தைவிட ஒரு படி மேல். கிரேப் என்றாலும் தெரியும். தொழிற்சாலையில் பதினோரு வருடம் அவர் ஒட்டியது கிரேப் சோல்தான். மெத்தென்ற ரப்பர், ஒட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை, ஓரம் பிசிறடிக்கும். ஆக, அல்ட்ரா கிரேப். மிச்சம் இருப்பது ‘டேரியன்’. வெஜிடேரியன் மாதிரி ஏதோ ஒழுக்கமான ஆள். மொத்தத்தில், கிரேப் சோல் ஒட்டுவதில் கைதேர்ந்த நல்ல மனிதர். தொழிற்சாலையில் ஒருவர்கூடச் சொல்லாததை ஒரு பேராசிரியர் வாயால் கேட்டுவிட்டார்!

“கிரேப் சோல் விஷயம்தானே சார்?” என்று கேட்டார், கண்கள் பளபளக்க.

பேராசிரியர் வாசல் பக்கம் பார்த்தார். “செருப்பு சம்பந்தப்பட்ட வார்த்தைதான். லத்தீன்லருந்து வந்தது” என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

“எழுதிக் குடுங்க சார்.”

ரசீதின் பின்பக்கம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வேகமாக நடையைக் கட்டினார். நுனியில் புது ரப்பர் ஒட்டிய கட் ஷூவை மறுநாள் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

பத்து நாளில் கடைக்கு மேலே புதுப் பலகை ஏறியது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. ‘அல்ட்ராகிரெபிடேரியன் ஷூ கடை’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில். பலகை எழுதியவர் எழுத்தை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். கடைப் பலகை கொள்ளாமல் கடைசி மூன்று எழுத்தைக் கொஞ்சம் நெருக்கிப் போட வேண்டியதாயிற்று. அபிப்பிராயம் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பஸ் போய்விட்டது.

அன்று முதல் பேராசிரியர் அந்தத் தெருவில் எதிர்ச்சாரியில்தான் நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடை மட்டும் முகத்தை மறைத்தபடி விரிந்திருக்கும். முப்பத்தைந்து வருடம் பிழை திருத்திய மனிதர், தன் ஒரு பிழை தெருவில் பலகையாகத் தொங்குவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் போனார்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. படித்தவர்கள் பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த முகத்தைப் பார்த்து அபிப்பிராயமும் சிரித்தார். பெயர்ந்த ஹீலோடு வந்த ஒரு கல்லூரிப் பெண், “அங்கிள், பலகைக்குக் கீழ நில்லுங்க, ஒரு போட்டோ” என்றாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அந்தப் போட்டோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் ஜெராக்ஸ்காரம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்தது. கூடவே அர்த்தமும் வந்தது.

அந்த அம்மாவுக்குப் பழுத்துப்போன பேப்பர் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. கலாய்க்கும் ஆசையில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“அண்ணே, உங்க பட்டத்துக்கு அர்த்தம் போட்டிருக்கான் கேளுங்க. ‘தனக்குத் தெரியாத விஷயத்துல எல்லாம் அபிப்பிராயம் சொல்ற ஆள்.’ உங்களைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு!”

சொல்லிச் சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அபிப்பிராயத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

“கிரேப் சோல் இல்லையா?” என்றார் மெல்ல.

“இல்லண்ணே.”

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பலகையை இறக்கினார். நல்ல மரம், தூக்கிப் போட மனம் வரவில்லை. எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கும்படி கடைக்குள் சுவரில் தட்டாக அடித்து, ரிப்பேர் முடிந்த ஷூக்களை அதன்மேல் அடுக்கினார். ஜெராக்ஸ்காரம்மா, “நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்று நாலு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு அபிப்பிராயத்தின் வாயிலிருந்து வந்ததெல்லாம் ரிப்பேர் முடியும் கிழமைதான். “செவ்வாய்க்கிழமை.” “சனிக்கிழமை.” ஷூவைக் கொடுக்க வந்தவர் கிழமையை வாங்கிக்கொண்டு போனார். நாய்க்காரர் நாயோடு வந்து வேண்டுமென்றே ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. முதல் இரண்டு நாள் தெரு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் என்னவோ போல இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குப் பொழுதே போகவில்லை.

வீட்டிலும் அதே கதை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவிக்கு முதலில் சந்தோஷம். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் செய்தி காதில் விழுந்தது. நான்காம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்க, வாயில ஏதாவது புண்ணா?”

“இல்ல.”

“அப்ப ஏதாவது பேசுங்களேன். தப்பா இருந்தாலும் பரவால்ல.”

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இத்தனை வருடம் தன் பேச்சைக் கேட்டு எல்லோரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அதிலும் பேராசிரியர்! நண்பர் என்று நினைத்திருந்தார்.

பேராசிரியர் வந்தது அடுத்த வாரம். கட் ஷூவின் நுனி மறுபடி பெயர்ந்துவிட்டது என்று மனைவி கொடுத்தனுப்பியிருந்தார். அந்த வட்டாரத்தில் வேறு கடை கிடையாது. எதிர்ச்சாரியில் நின்று குடைக்குக் கீழிருந்து பார்த்தவருக்குப் பலகை இல்லை என்பது தெரிந்தது. ஏதோ நடந்திருக்கிறது. குடையை மடக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அபிப்பிராயம் பையிலிருந்து ஷூவை எடுத்தார். மூன்று மாதத்துக்கு முன் தன் கையால் ஒட்டிய ரப்பர். சாதாரண நடைக்கு ஒரு வருடம் தாங்க வேண்டியது. அது போய், தோலும் போய், உள் அட்டை தெரிந்தது. நுனியைச் சுற்றி இன்னொன்றும் தெரிந்தது. அவருக்குத் திக்கென்றது. வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார்.

“வியாழக்கிழமை” என்றார்.

பேராசிரியர் போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். “பலகை எங்கே?” என்றார், தெரியாதவர் மாதிரி.

“அர்த்தம் தெரிஞ்சுபோச்சு சார்.”

ஐம்பது பேர் இருந்த வகுப்பில் தடுமாறாதவர் இந்த ஒரு ஆள் முன்னால் தடுமாறினார்.

“என் தப்புதான். கோபத்துல சொல்லிட்டேன். அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க, எனக்கு வாய் வரல. மன்னிச்சிடுங்க.”

அபிப்பிராயம் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “செருப்பு சம்பந்தப்பட்டதுன்னீங்களே, அதுவும் பொய்யா?” என்றார்.

“அது பொய் இல்ல. அந்த வார்த்தைக்குள்ள ‘கிரெபிடா’ன்னு ஒண்ணு இருக்கு. லத்தீன்ல செருப்பு. அல்ட்ரான்னா அதுக்கு அப்பால. செருப்பைத் தாண்டிப் பேசறவர்னு அர்த்தம்.” பாடம் என்றதும் பேராசிரியருக்குக் குரல் தானாக நிமிர்ந்தது. “ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய கதை. கிரேக்க நாட்டுல ஒரு பெரிய ஓவியர். படத்தை வாசல்ல வெச்சுட்டு, போறவங்க வர்றவங்க என்ன சொல்றாங்கன்னு பின்னால ஒளிஞ்சிருந்து கேப்பாராம். ஒருநாள் செருப்பு தைக்கறவர் ஒருத்தர் வந்தாரு. படத்துல இருக்கற செருப்புல உள்பக்கம் ஒரு வளையம் குறையுதுன்னாரு. ஓவியர் அதைத் திருத்திட்டாரு. மறுநாள் செருப்பு தைக்கறவர் மறுபடி வந்தாரு. நம்ம பேச்சை எடுத்துக்கிட்டாங்களேன்னு குஷி. இந்தத் தடவை படத்துல இருக்கற காலே சரியில்லைன்னாரு. ஓவியருக்குக் கோபம். வெளிய வந்து, உன் பேச்சு செருப்புக்கு மேல ஏறக்கூடாதுன்னுட்டாரு. அதை வெச்சு ஒரு இருநூறு வருஷத்துக்கு முன்னால ஒரு எழுத்தாளர், தனக்குப் பிடிக்காத ஒரு பத்திரிகை ஆசிரியரைத் திட்டறதுக்காக இந்த வார்த்தையைப் போட்டாரு. இதுல பாருங்க, அந்த ஆசிரியரும் சின்ன வயசுல செருப்பு தைக்கப் பழகினவர்தான்.”

கதை முடிந்து பேராசிரியர் தலை குனிந்தார். சொல்லச் சொல்லத்தான், முகத்துக்கு நேரே புரியும்படி திட்டிய ஓவியரைவிட, புரியாத வார்த்தையில் திட்டிய தான் மோசம் என்று அவருக்கே உறைத்தது.

அபிப்பிராயம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சார், முதல் நாள் சொன்னாரே, வளையம் குறையுதுன்னு. அது சரியா?”

“சரிதான். அதனாலதானே திருத்தினாரு.”

“அப்ப செருப்பு வரைக்கும் சொல்லலாம்.”

“தாராளமா.”

அபிப்பிராயம் எழுந்தார். கட் ஷூ இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விளக்கை இழுத்து நேராகக் காட்டினார். இப்போதும் பேராசிரியர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம். போனால் இனி வரவே மாட்டார். ஆனால் இந்த ஷூவைப் பார்த்த பிறகு வெறும் கிழமையைச் சொல்லி அனுப்பினால், ராஸ்கல் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

“நான் காலைப் பத்தி ஒண்ணும் சொல்லல சார். வாழைப்பழம் பேச்சே வேண்டாம். செருப்பை மட்டும் சொல்றேன். இது நான் ஒட்டின ரப்பர். ஒரு வருஷம் வரணும், மூணு மாசத்துல போயிடுச்சு. இடது மட்டும். வலது சோல் அப்படியே இருக்கு. போன தடவை நுனி மட்டும் தேஞ்சிருந்தது, இப்ப வெளி ஓரமும் தேஞ்சிருக்கு.”

பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

“அப்புறம் இன்னொண்ணு. இடது நுனில பாலிஷ் போட்டிருக்கு. திட்டுத்திட்டா, மூணு நாலு தரம். மத்த இடத்துல பாலிஷே இல்ல. நீங்க போட்டீங்களா சார்?”

“இல்லையே.”

“தேய்மானம் தெரியக்கூடாதுன்னு யாரோ போட்டிருக்காங்க. பாலிஷால மறைக்க முடியாம ரப்பரே பெயர்ந்ததும்தான் வேற வழியில்லாம குடுத்திருக்காங்க.”

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பேராசிரியருக்கு அதைக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. முக்காலியில் இருந்தபடியே மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்த பயத்தை அபிப்பிராயம் பார்த்தார். தேற்ற வேண்டும் போல இருந்தது. எத்தனையோ வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. செருப்போடு நிறுத்திக்கொண்டார்.

பேராசிரியர் எழுந்து, ஷூ இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். குடை கடையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் முதுகில் நரம்பு ஒன்று நசுங்கியிருக்கிறது, அதனால்தான் பாதம் மேலே எழும்பவில்லை என்றார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்தப் பாதம் அப்படியே நின்றுபோயிருக்கும் என்றும் சொன்னார். சிகிச்சை நடந்தது. பாதத்தைத் தாங்க ஒரு மெல்லிய பட்டை கொடுத்தார்கள்.

ஏழாவது வாரம், பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளே கடைக்கு வந்தார். பட்டையோடு காலை நுழைக்க ஷூவைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். பேராசிரியர் அவரை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, மாத்திரை வாங்க எதிர்ச்சாரிக்குப் போனார்.

அவர் போனதும் அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“பாலிஷ் அவ்வளவு நல்லாவா தெரிஞ்சுது?”

“ரொம்ப மோசமாப் போட்டிருந்தீங்கம்மா. துணியால தேய்க்கவே இல்ல.”

அம்மாள் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

“அவருக்கு இன்னும் முழுசாத் தெரியாது. நான் ரெண்டு தடவை கீழ விழுந்தேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அவர்கிட்ட சொல்லல. சொன்னா பாத்ரூம் வாசல்லயே காவல் உக்காந்துடுவார்.”

“தெரியும்மா” என்றார் அபிப்பிராயம்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வலது ஷூவோட வெளிப்பக்கம் ரெண்டு இடத்துல கீறல் இருந்தது. தரையில சாய்ஞ்சு இழுத்தா வர்ற கீறல். ரெண்டும் வேற வேற நாள்.”

“அவர்கிட்ட அதைச் சொல்லலையா நீங்க?”

“இல்லம்மா. அது நீங்க சொல்ல வேண்டியது.”

தெருவிலேயே வாய் நிற்காத மனிதர் என்று கணவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அபிப்பிராயத்துக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

“அவர் வந்ததும் சொல்லிடறேன்” என்றார் அம்மாள். பிறகு கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, இடது காலை மெல்ல முன்னால் நீட்டினார்.